பேச்சுக்குச் சொன்னது

நம் வயதுக்காரர்கள் யாராவது தெருவில் என்னைப் பார்த்து, "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்களேன்" என்று சொன்னால், "எந்தக் கிழமை வரட்டும்?" என்று கேட்டுவிடுவேன். சொன்னவர் திருதிருவென்று விழிப்பார். கூட வரும் மருமகள் என் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். வயதாகிவிட்டது, விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். உங்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். நீங்களும் நானும் துரைமார் காலத்தைப் பார்த்தவர்கள். மற்றவர்களுக்குச் சொன்னால் கதை என்பார்கள்.

யுத்தத்துக்கு முந்திய ஒரு சாரல் காலம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அக்காவுக்குப் பதினாலு. தென்காசியில் அப்பாவுக்கு மளிகைக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஆனி பிறந்து மேற்கே மலை மேகத்தில் மறைந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு வேறு முகம் வந்துவிடும். குற்றாலத்தில் பூட்டிக் கிடந்த பங்களாக்களைத் திறந்து வெள்ளையடிப்பார்கள். மெட்ராஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் துரைமார் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு வெண்ணெய், டின் பால், கோலி சோடா, மண்ணெண்ணெய், கோழி முட்டை எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். நனைந்த கோணியின் வாடையும் காப்பிக்கொட்டை வாசனையும் கலந்து ஒரு வாடை எங்கள் வீட்டில் ஆவணி வரைக்கும் நிற்கும். துணி காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். அதெல்லாம் எங்களுக்குச் சந்தோஷமான சங்கடங்கள்.

அப்பா வாரத்துக்கு ஒரு தடவை மாட்டுவண்டியில் போய் ஒவ்வொரு பங்களா வராந்தாவிலும் நின்று ஆர்டர் கேட்டுக்கொண்டு வருவார். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். துரைசாணிகள் வாயால் சொல்லுவார்கள், அப்பா தலையை ஆட்டிக்கொள்வார். அடுத்த நடையில் சொன்னது சொன்னபடி வண்டியில் ஏறியிருக்கும். "வாயில வந்தது வண்டில வந்தாச்சு" என்பார். அவருடைய தொழிலே அந்த வராந்தாப் பேச்சின் மேல்தான் நின்றது.

இங்கிலீஷை அப்பா பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். அந்த வராந்தாக்களில் நின்று பிடித்தது மிச்சம். வெள்ளைக்காரர்கள் நேராகப் பேச மாட்டார்கள், சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள், அதைப் பிரித்துப் பார்க்கத் தனக்குத்தான் தெரியும் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. சாயங்காலம் கடையில் நாலு பேர் கூடிவிட்டால் ஆரம்பித்துவிடுவார்.

"துரைசாணி 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'ன்னு ஆரம்பிச்சா பயந்துட்டான்னு நெனச்சிராதிய. முட்டை அழுகிப்போச்சுங்கத மரியாதையாச் சொல்லப்போறான்னு அர்த்தம். 'நாட் பேட்'ன்னா மோசமில்லன்னு இல்ல, பிரமாதமா இருக்குன்னு அர்த்தம். நம்மாளு பாராட்டுனா வாய் கொள்ளாமப் பாராட்டுவான். அவன் அளந்துதான் ஊத்துவான்."

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வாயில் வெற்றிலையோடு தலையாட்டுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அரைகுறை என்று பேசினார்கள். அது பொய். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்திருந்தது. எந்த வார்த்தைக்குப் பெட்டி கட்டலாம், எதற்குக் கட்டக்கூடாது என்பதுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பங்களாவுக்குப் புதிதாக ஒரு துரைசாணி வந்திருந்தாள். துரைக்கு மெட்ராஸில் பெரிய உத்தியோகம். துரைசாணிக்குப் பெரிய சிரிப்பு. எதைப் பார்த்தாலும் கையைத் தட்டுவாள். மங்குஸ்தான் பழத்தை உடைத்துக் காட்டினால் தட்டுவாள். எங்கள் வண்டிமாட்டின் கொம்பில் கட்டியிருந்த சலங்கைக்குத் தட்டுவாள். ஒரு தடவை அப்பாவோடு அக்காவும் நானும் வண்டியில் போயிருந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது, வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. துரைசாணி தோட்டத்தில் உலாத்திவிட்டு வராந்தாவில் ஏறினாள். அவள் கணுக்காலில் அட்டை ஒன்று கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அலறிய அலறலில் அப்பா நடுங்கிப்போனார். அக்கா பதறவில்லை. வண்டியில் இருந்த உப்பு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து அட்டையின் மேல் வைத்தாள். அது சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்காமல் வந்தது. அக்கா தாவணி நுனியைக் கிழித்து நனைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரத்தம் நிற்கும் வரை தரையில் உட்கார்ந்திருந்தாள். துரைசாணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவிடம் மடமடவென்று பேசினாள். உங்கள் மகள் பிறவி டாக்டர். இவளை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? எங்களோடு மெட்ராஸுக்கு அனுப்புங்கள். நாங்கள் இவளை டாக்டர் ஆக்கிவிடுகிறோம்.

"எப்ப மேடம்?" என்று அப்பா இங்கிலீஷில் கேட்டார்.

"எனி டைம்! எனி டைம் அட் ஆல்!" என்று துரைசாணி கையைத் தட்டினாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஆர்டர் சொல்லி முடித்ததும், நம்முடைய குட்டி டாக்டர் எப்படி இருக்கிறாள், எப்போது மெட்ராஸ் வருகிறாள் என்று கேட்பாள். வெண்ணெய் கேட்ட அதே வராந்தாவில், அதே வாயால் கேட்டாள். அந்த வாய் கேட்டது எதுவும் வண்டியில் ஏறாமல் போனதில்லை.

அக்காவுக்குப் படிப்பு வரும். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அதற்கு மேல் வழியில்லாமல் வீட்டில் இருந்தாள். என் பாடப்புத்தகத்தை எனக்கு முன்னால் அவள் படித்து முடித்திருப்பாள். டாக்டர் என்கிற சொல்லை அவள் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அந்த ஆடி மாதம் முழுக்க அவள் தண்ணீர் இறைக்கும்போதுகூட ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று பக்கத்தில் போய்க் கேட்டால் இங்கிலீஷில் உடம்பு பாகங்களின் பெயர்.

இதற்கிடையில் வாசுதேவநல்லூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. நெல் விவசாயம், பெரிய களம், ஒரே மகன். அக்கா பிறந்ததிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் அப்பா சொல்லுகிற வாசகம் ஒன்று உண்டு: "இது ஒன் வீட்டுப் பிள்ளைல்லா. எப்ப வேணுமின்னாலும் கூட்டிட்டுப் போ." நான் நினைவு தெரிந்த நாளாகக் கேட்டிருக்கிறேன். அந்தத் தடவை அத்தை தாம்பாளத்தில் வெற்றிலை, மஞ்சள், வாழைப்பழம், ஒரு அரக்குச் சேலை எல்லாம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தான் வரவில்லை, வண்டியை அவனே பூட்டி அனுப்பி வைத்தானாம்.

அப்பா தாம்பாளத்தைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"பிள்ள மெட்ராஸ்ல படிக்கப் போறா தங்கச்சி. துரைசாணி வாக்குக் குடுத்துட்டா."

"நீங்க எனக்குக் குடுத்த வாக்கு?" என்றாள் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அப்பா சிரித்தார். "ஏளா, அது அண்ணன் தங்கச்சிக்குள்ள ஒரு பேச்சுக்குச் சொல்லுறதுல்லா. அதப் போய் வாக்குன்னு பிடிச்சிக்கிடுவியா?"

அத்தை தாம்பாளத்தில் சேலையைச் சரிசெய்தாள். சரிசெய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் மடிப்பை நீவினாள். "சாப்பிட்டுட்டுப் போங்க மதினி" என்று அம்மா வாசல்வரை பின்னாலேயே போனாள். அத்தை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "இருக்கட்டும், வயிறு சரியில்ல" என்று சொன்னாள். வாசுதேவநல்லூர் வரைக்கும் அவள் அந்தத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். வழியெல்லாம் தெரிந்த முகங்கள். அதை நினைக்கிற வயசு அப்போது எனக்கு இல்லை. நினைக்கிற வயசு வந்த பிறகு, அத்தையை நேரே பார்க்க எனக்குக் கூசியது.

சாரல் ஓய்ந்தது. துரைசாணி மெட்ராஸ் கிளம்பும் நாளைப் பட்லரிடம் கேட்டு வைத்துக்கொண்டு அப்பா ஏற்பாடுகளைச் செய்தார். திருநெல்வேலியிலிருந்து பச்சை பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டி வந்தது. மூடியில் ஒரு ரோஜாப்பூ வரைந்திருந்தது. அதற்குள் ஆறு தாவணி, தலைக்கு எண்ணெய், மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, துரைசாணிக்கென்று ஒரு தூக்குச்சட்டி நிறைய அம்மா சுட்ட முறுக்கு. கிளம்புகிற அன்று தெருவே வாசலில் நின்றது. பெண்பிள்ளை மெட்ராஸுக்குப் படிக்கப் போவது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. அப்பா கடைக் கல்கண்டை எடுத்து எல்லார் கையிலும் கொடுத்தார்.

"டாக்டரம்மா, திரும்பி வரையில என் முட்டுவலிக்கு மருந்து கொண்டாருவியாட்டி?" என்று எதிர்வீட்டு ஆச்சி அக்காவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

அக்கா தலைகொள்ளாமல் பூ வைத்திருந்தாள். முகத்தில் ஒரு சிவப்பு. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே வண்டியில் உட்கார்ந்திருந்தாள். இலஞ்சி தாண்டியதும் என்னிடம் மெதுவாக, "நீ என் புஸ்தகத்தையெல்லாம் கரையானுக்குக் குடுத்திராத, என்ன?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பங்களாவில் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். கார் வாசலில் நின்றது. பின்னால் பெட்டிகளைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். துரைசாணி தொப்பியோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். எவ்வளவு நல்லவர்கள், வழியனுப்ப வந்திருக்கிறீர்கள் என்றாள். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உள்ளே போய், பூனைப் படம் போட்ட ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார். மேடம் சொன்னபடி என் மகளைக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அதன் பொருள்.

துரைசாணி சிரித்தபடியே அவரைப் பார்த்தாள். பிறகு வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அக்காவின் தலைப்பூவைப் பார்த்தாள். அவள் பட்லரைக் கூப்பிட, பட்லர் வந்து தாழ்ந்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னார். அவளுடைய கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காதுவரை போனதை நான் பார்த்தேன். வெள்ளைக்காரர்களுக்கும் வெட்கம் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஓ டியர்" என்றாள். "ஓ டியர், ஓ டியர்." கார்ப் பக்கம் நின்ற துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துரைசாணி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ வேகமாகச் சொன்னாள். நிச்சயம் ஏதாவது செய்கிறேன், கட்டாயம் செய்கிறேன் என்று சொன்னதாக அப்பா அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது உதடு கோணியது. அதற்குள் கார் கிளம்பிவிட்டது. முறுக்குச் சட்டி எங்கள் வண்டியிலேயே இருந்தது.

பட்லர் சாத்தான்குளத்துக்காரர். பக்கத்தில் வந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணாச்சி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா? அந்தம்மா நல்ல அம்மாதான். கள்ளங்கபடு கெடையாது. ஆனா எல்லார்ட்டயும் அப்பிடித்தான் சொல்லுவா. என்னயக்கூட சீமைக்குக் கூட்டிட்டுப் போறதா நாலு வருசமாச் சொல்லுதா. நான் பெட்டியா கட்டுதேன்? சந்தோசத்துல சொல்லுதது. நம்ம வாங்க, சாப்பிடுங்கன்னு சொல்லுதோம்லா, அந்தமாரி."

பெட்டியை அப்பாவே தூக்கி வண்டியில் வைத்தார்.

திரும்பி வருகிற வழியில் சிற்றாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மாடு களைத்திருக்கிறது என்றார். மாடு களைக்கவில்லை, வண்டிக்காரருக்கும் அது தெரியும். அவர் பேசாமல் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். உச்சி வெயில் சாய்ந்து, சாயங்காலமாகி, குளிக்க வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அப்பா படித்துறையில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் விளக்கு வைத்து ஆட்கள் உள்ளே போகும்வரை ஊருக்குள் நுழைய அவருக்கு முகமில்லை. அக்கா தலையிலிருந்த பூவை ஒவ்வொரு சரமாக எடுத்து ஆற்றில் விட்டாள். அழவில்லை. எனக்குப் பசித்தது. பிஸ்கட் டின்னைத் திறந்து தின்றேன். அந்த பிஸ்கட் எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

இருட்டிய பிறகு பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்கு வந்தோம். என்ன செய்து என்ன? விடிந்ததும் எதிர்வீட்டு ஆச்சி கொல்லையில் அக்காவைப் பார்த்துவிட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு போவாள் என்று அம்மா சொன்னாள். தெரு நம்பியது போல நடித்தது. கல்கண்டு வாங்கித் தின்ற வாய்கள் அல்லவா, நேரில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பிள்ளைகள் பின்னால் கையைத் தட்டின. "எனி டைம், எனி டைம்" என்று தட்டின. அது எப்படித் தெருவுக்கு வந்தது என்று தெரியவில்லை. வண்டிக்காரர் சொல்லியிருக்கலாம். அப்பாவே பெருமையாகச் சொல்லிவைத்ததாகவும் இருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அப்பா மேல்தான் எரிந்தது, துரைசாணி மேல் அல்ல.

அப்பா அதற்குப் பிறகு கடையில் இங்கிலீஷ் பேச்சே எடுக்கவில்லை. யாராவது வேண்டுமென்றே, "அண்ணாச்சி, 'நாட் பேட்'ன்னா என்ன சொன்னிய?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், பருப்பு எவ்வளவு வேணும்?" என்பார். பச்சை டிரங்குப் பெட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் போனது.

தை கழிந்து ஒரு நாள், வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக ஒரு டீச்சரம்மா கடை வாசலில் வந்து நின்றார். சின்ன வயசுதான், நம் ஊர்ப் பேச்சுதான். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"மெட்ராஸ் துரைசாணி ஒருத்தங்க எங்க பள்ளிக்கூடத்துப் பெரியம்மாவை, அதான் ஹெட்மிஸ்ட்ரஸை, பாக்க நேர்லயே வந்திருந்தாங்க. ஒங்க மூத்த பிள்ளையப் பத்தி ரொம்பச் சொன்னாங்க. மேல படிக்க வைக்கச் சொல்லுதாங்க. அதுக்கப்புறம் நர்சுக்கோ டாக்டருக்கோ, பிள்ளைக்கு எது வருமோ அது. எல்லாச் செலவும் அவங்க பொறுப்பு. விடுதியில எடம் இருக்கு. பள்ளிக்கூடம் தெறக்கையில நீங்க கொண்டு வந்து விட்டாப் போதும்."

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளறையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பெட்டியை இழுத்து, முந்தானையால் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சிரித்தார். அவ்வளவு மரியாதையாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அதுக்கென்ன டீச்சர்? கட்டாயம் அனுப்புதேன். நீங்க இவ்வளவு தூரம் வந்து கூப்பிடுதிய, அனுப்பாம இருப்பனா? பள்ளிக்கூடம் தெறக்கட்டும், மொத ரயிலுல ஏத்தி நானே கொண்டாந்து விடுதேன்."

டீச்சரம்மாவுக்குக் காப்பி கொடுத்து, தேங்காய் பழம் கொடுத்து, ஸ்டேஷன்வரை வண்டி பூட்டி அனுப்பினார். வண்டி திரும்பியதும் அம்மா கேட்டாள்.

"அப்ப என்னைக்கு அனுப்பணுங்க?"

"போட்டி அங்கிட்டு. அவிய ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டுப் போறாவ. நானும் பேச்சுக்குச் சொன்னேன். இன்னொரு தடவ பெட்டியும் கையுமாப் போய் எங்கன நிக்கச் சொல்லுத?"

"அப்பிடித் தெரியலியே. அந்த டீச்சர் பிள்ள முகத்தப் பாத்தா..."

"முகத்தப் பாத்துத்தான் போன தடவையும் ஏமாந்தேன். எனக்குப் புத்தி வந்துட்டு."

அக்காவுக்குக் கேட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம்தானே நின்றாள். அவள் வெளியே வந்து எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது அல்ல. அப்பாவை இன்னொரு தடவை ஆற்றங்கரையில் உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அது எனக்குத் தெரியும்.

அத்தானுக்கு அதற்குள் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த ஆவணியில் அக்காவைப் புளியங்குடிக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பலசரக்குக் கடை, முதல் தாரத்துப் பிள்ளைகள் மூன்று. சோற்றுக்குக் குறைவில்லை. நல்ல மனுஷர்தான். அக்கா அவர் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையும் வளர்த்தாள், கடையையும் பார்த்துக்கொண்டாள். தெருவில் யாருக்குக் காயம்பட்டாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

நான் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். அம்மாவும் அப்பாவும் போய், வெள்ளைக்காரன் போய், எங்களுக்கெல்லாம் தலை நரைத்த பிறகு, கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய வயசான அம்மா ஒருத்தர் இருந்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று பேச்சுக் கொடுத்தார். தென்காசி, மளிகைக் கடை என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன வருசமாச்சு. நான் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கேன் தாயி. மூத்த பிள்ளையப் படிக்கக் கூப்பிட வந்தேன். ஒங்கம்மா காப்பி குடுத்தா. நல்லாத்தான் பேசுனாரு ஒங்கப்பா. அப்புறம் ஏன் அனுப்பல? பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லாமப் போச்சோ?"

அக்கா எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. நான் திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்பா இல்லை, அவருக்காக வெட்கப்பட அந்த பெஞ்சில் நான்தான் இருந்தேன்.

"பெரியம்மா பேரு எழுதி, கட்டில் போட்டுப் போர்வைகூட விரிச்சு வச்சிட்டாங்க" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். "பள்ளிக்கூடம் தெறந்த அன்னைக்கு நான் ரயிலுக்கே போய் நின்னேன். மறுநா சாயங்காலமும் போனேன்."

அப்போது அக்கா முன்னால் குனிந்து, புரை விழுந்த கண்ணைச் சுருக்கி அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டில வேற பிள்ளைக்குக் குடுத்துட்டியளா, டீச்சர்?" என்று கேட்டாள்.

"அந்த வருசம் பூரா யாருக்கும் குடுக்கலம்மா" என்றார் அவர். "கேட்டாங்க. எத்தனையோ பிள்ளைக கேட்டுது. எப்பிடிக் குடுக்க? ஒரு தகப்பன் கட்டாயம் அனுப்புதேன்னு சொல்லிருக்காருல்லா."